கயிறும் இரண்டு கால்களும் போதுமா?

கேள்வி: எனக்கு நாய்கள் என்றால் உயிர். பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, மற்றவர்கள் வீட்டு நாய்களை வாக்கிங் கூட்டிப்போகும் தொழில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். முதலீடு என்று பெரிதாக எதுவும் இல்லை, ஒரு கயிறும் இரண்டு கால்களும் போதும். ஒரே தடவையில் ஐந்தாறு நாய்களைப் பிடித்துக்கொண்டு போனால் காலையில் 10, மாலையில் 10 என்று முடித்துவிடலாம். உங்கள் கருத்து? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். முதலில் அந்தப் பத்துக் கணக்கைப் பார்ப்போம்.

நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே நேரத்தைத்தான். ஆபீஸ் கிளம்பும் முன், இல்லாவிட்டால் சாயங்காலம். காலையில் 3 மணி நேரம், மாலையில் 3 மணி நேரம் உங்கள் கையில் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அரைமணி வாக்கிங் அரைமணியில் முடியாது. பூட்டைத் திறக்க வேண்டும், துள்ளுகிற நாய்க்குப் பட்டை மாட்ட வேண்டும், திரும்பி வந்து கால் துடைத்துத் தண்ணீர் வைக்க வேண்டும், 'போய் வந்தாச்சு' என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாய்க்கு 50 நிமிடம் ஆகிவிடும். ஆக, காலையில் 3 நாய், மாலையில் 3 நாய். 5 மணி நேரம் உழைத்து 3 மணி நேரத்துக்குக் கூலி வாங்குவீர்கள். 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்கிற பழமொழி நாயைக் கூட்டிப்போகிறவருக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. ஆகவே கட்டணத்தை 50 நிமிடத்துக்குப் போடுங்கள். ஊர் முழுக்க விளம்பரம் செய்யாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் நாலு தெரு போதும்.

அதனால்தானே ஐந்தாறு நாய்களை ஒன்றாகக் கூட்டிப்போகிறேன் என்கிறேன் என்பீர்கள். ஆறில் ஒன்று நடுவழியில் மலம் கழிக்க உட்காரும். நீங்கள் குனிந்து பையில் அள்ள வேண்டும். மற்ற ஐந்து கயிறும் இன்னொரு கையில். அந்த நொடியில் எதிர்வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பூனை குதிக்கிறது. மீதியை நான் எழுத வேண்டாம். கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தால் விரலே முறியும். சில ஊர்களில் ஒருவர் ஒரே நேரத்தில் இத்தனை நாய்தான் கூட்டிப்போகலாம் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படி என்று விசாரியுங்கள். சட்டம் இல்லாவிட்டாலும், ஒரே வீட்டில் வளர்ந்த நாய்களாக இருந்தால் இரண்டு, மற்றபடி ஒன்று. ஆரம்பத்தில் அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

அந்தக் கயிற்றுக்கு வருவோம். நண்பர் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய நாயை நான் நாலு நாள் நடத்தியிருக்கிறேன். மூன்றாம் நாள் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் படாரென்று வெடித்தது. நாய் முன்னங்காலை ஊன்றித் தலையைக் குனிந்து பின்பக்கமாக இழுத்தது. கழுத்துப்பட்டை காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிட்டது. என் கையில் வெறும் பட்டை. நாய் திரும்பக் கிடைத்தது அதன் சமர்த்து, என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பயந்த நாய் முன்னால் மட்டும்தான் ஓடும் என்றில்லை, பின்னாலும் உருவிக்கொள்ளும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. புது நாய்க்கு மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டையும் போட்டு, இரண்டையும் கயிற்றோடு இணைத்துவிடுங்கள். சுருள் டப்பாவிலிருந்து நீண்டுகொண்டே போகும் கயிறு தெருவுக்கு உதவாது.

வெயில் இன்னொரு ஆபத்து. நாய் பெரும்பாலும் மூச்சு இரைத்துத்தான் உடம்பைக் குளிரவைக்கிறது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு அதுவே திண்டாட்டம். நாயின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 38.5 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். 7 விநாடி வைக்க முடியவில்லையா, வீட்டுக்காரர் காசு கொடுத்திருந்தாலும் நடை கிடையாது.

தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்து ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. முன்பே ஊசி போட்டிருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸிலிருந்து பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு பொருள், சாவி. ஆள் இல்லாத வீட்டின் சாவியை உங்களிடம் தருகிறார்கள். சம்பளம் அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான். சாவிக்கொத்தில் முகவரி எழுதாதீர்கள், ஒரு எண் போதும். நாயோடு படம் எடுத்து, எந்த வீடு என்று தெரிகிற மாதிரி உலகத்துக்குக் காட்டாதீர்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் கதவைச் சாத்துங்கள், நாயைக் கொஞ்சுவதெல்லாம் அப்புறம்.

வேலையில் இருந்துகொண்டே ஒரு மாதம் இரண்டு நாய்களைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். இலவசமாக வேண்டாம், காசு வாங்குங்கள். இலவசம் என்றால் மழை பெய்கிற அன்று நீங்கள் போகமாட்டீர்கள், அவர்களாலும் கேட்க முடியாது.

நாயைப் பார்க்க முதல் தடவை போகும்போது 'கடிக்குமா?' என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. 'சேச்சே, எங்க நாய் ஒண்ணுமே செய்யாது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 'எதைப் பார்த்தால் பயப்படும்?' என்று கேளுங்கள். குடை, துடைப்பம், தொப்பி போட்டவர், பக்கத்து வீட்டுப் பையன் என்று ஒவ்வொன்றாக வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.