ஈரம் பட்டால் கத்தும் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், என் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் போகும் ரப்பர் குழாய் ராத்திரியில் கழன்று, விடிந்து எழுந்தபோது கூடம் வரைக்கும் தண்ணீர் நின்ற கதையை நாலு வரியில் எழுதியிருந்தேன். அனுதாபப்பட்டு எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லாருக்கும் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியைப் பற்றித்தான் சந்தேகம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: தண்ணீர் கசிந்தால் சத்தம் போடும் சென்சார் என்று விளம்பரம் பார்க்கிறேன். நிஜமாகவே வேலை செய்யுமா, இல்லை இதுவும் ஒரு பொம்மைதானா?

பதில்: வேலை செய்யும். உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டோ நாலோ உலோகப் புள்ளிகள் தெரியும். தண்ணீர் வந்து இரண்டு புள்ளிகளைச் சேர்த்துத் தொட்டால் நடுவே துளியூண்டு மின்சாரம் ஓடும், தூங்கிக்கொண்டிருக்கும் சர்க்யூட் விழித்துக்கொண்டு கத்தும். அவ்வளவுதான் சங்கதி. அதனால் சாதாரணப் பெட்டிகூட அந்த ஒரு வேலையைச் சரியாகவே செய்துவிடும்.

ஆனால் அதற்குத் தெரிந்தது தன் காலடி மட்டும்தான். ஒரு சாண் தள்ளித் தண்ணீர் ஆறாக ஓடினாலும் அது பேசாமல் இருக்கும். போன இதழில் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன், இப்போது சொல்லிவிடுகிறேன்: அன்று ராத்திரி மெஷினுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. துடைப்பத்தில் மாட்டாமல் இருக்கட்டுமே என்று வலது மூலையில் சுவரோரம் வைத்திருந்தேன். தரை வாட்டமோ இடது பக்கம். தண்ணீர் மெஷினுக்கு அடியிலேயே திரும்பி, கதவு வழியாகக் கூடத்துக்குப் போய்விட்டது. பெட்டி காய்ந்த மூலையில் உட்கார்ந்து பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி: இரண்டு படுக்கையறை வீடு. எத்தனை வாங்க வேண்டும், எங்கெங்கே வைக்க வேண்டும்?

பதில்: அறைக் கணக்கு வேண்டாம், இணைப்புக் கணக்கு போடுங்கள். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்; தண்ணீர்க் குழாய் ஒரு பொருளோடு சேருகிற இடத்தையெல்லாம் எழுதுங்கள். வாஷிங் மெஷின், சமையலறை சிங்குக்கு அடியில், தண்ணீர் சுத்திகரிப்பான், கீசர், கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் குழாய், ஏ.சி.யின் வடிகுழாய், பாத்திரம் கழுவும் மெஷின் இருந்தால் அது. இதில் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதும், நம் கண்ணில் படாததுமாக எது இருக்கிறதோ அதற்குத்தான் முதல் பெட்டி. பெரும்பாலான வீடுகளில் அது வாஷிங் மெஷினும் சிங்கின் அடியும்தான், இரண்டிலேயே ஆரம்பிக்கலாம். குளிக்கும் இடத்தில் வைப்பது வீண். அங்கே தினமும் ஈரம், தண்ணீர் வடியத் துவாரமும் இருக்கிறது.

வைக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், தண்ணீரையே கேளுங்கள். குழாய் இணைப்புக்கு நேர் கீழே அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுப் பேசாமல் நின்று பாருங்கள். டைல்ஸ் தரை என்றால் முதலில் டைல்ஸ் நடுவில் இருக்கிற கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், அப்புறம் எங்கோ ஓரிடத்தில் தேங்கும். அந்தத் தேக்கம்தான் பெட்டிக்கு இடம். சிங்குக்கு அடியில் மரப் பலகை இருந்தால் பெட்டி அந்தப் பலகைமேல் இருக்க வேண்டும், கீழே தரையில் அல்ல. பலகை ஊறி உப்பி முடிந்த பிறகுதானே தரைக்குத் தண்ணீர் வரும்? விளிம்பு வைத்த ஒரு தட்டை அங்கே போட்டு அதற்குள் பெட்டியை வைத்தால் இன்னும் நல்லது, சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் தட்டில் சேர்ந்துவிடும்.

பெட்டிக்கு அடியில் ஒட்டும் டேப் போடாதீர்கள். எத்தனையோ பேர் நகராமல் இருக்கட்டும் என்று அதைத்தான் செய்கிறார்கள், அப்புறம் அந்த உலோகப் புள்ளிகள் டேப் கனத்துக்குத் தரையைவிட்டு எழும்பி நிற்கும். பக்கவாட்டில் ஒட்டுங்கள்.

மெஷினுக்குப் பின்பக்கம் முழுவதையும், அல்லது ஒரு சுவர் நெடுகக் காவல் காக்க வேண்டுமென்றால் கயிறு மாதிரி நீளமாக வரும் கேபிள் சென்சார் கிடைக்கிறது. அதன் நீளத்தில் எங்கே ஈரம் பட்டாலும் கத்தும். மெஷின் காலுக்கு அடியில் நசுங்கக் கூடாது என்பது ஒன்று, ஒருமுறை நனைந்தால் முழுசாகக் காய நேரமாகும் என்பது இன்னொன்று.

கேள்வி: வெறும் சத்தம் போடுவது போதுமா, போனுக்குத் தகவல் வருவதுதான் வேண்டுமா?

பதில்: வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிறதா? அப்படியானால் சத்தம் போதும். பல பெட்டிகளில் 85 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள், பக்கத்தில் நின்றால் காது கூசும். ஆனால் அதை சிங்க் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, நீங்கள் படுக்கையறைக் கதவையும் சாத்தி, ஃபேனையும் ஓடவிட்டால் அந்த 85 உங்கள் காதுக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும்? வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். ஒருவர் போய் ஈர விரலால் புள்ளிகளைத் தொடட்டும், நீங்கள் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் படுத்துக் கேளுங்கள். கேட்கவில்லையென்றால், பெட்டி மேலே சுவரிலும் ஒயரில் தொங்கும் முனை மட்டும் தரையிலும் இருக்கிற வகையை வாங்கலாம்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும், வயதான அப்பா அம்மா தனியாக வேறு வீட்டில் இருக்கிறவர்களுக்கும் போன் தகவல் தேவைதான். வை-ஃபை பெட்டி நேராக ரௌட்டரோடு பேசும், வேறு எதுவும் வேண்டாம். ஆனால் வை-ஃபை பேட்டரியைத் தின்னும் என்பதால் பெட்டி பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பட்டதும் எழுந்து, ரௌட்டரைத் தேடிப் பிடித்து, அப்புறம்தான் செய்தி அனுப்பும். சில நொடி தாமதம், பரவாயில்லை. ரௌட்டர்கள் பயன்படுத்தும் வை-ஃபை அலைவரிசைகளில் முக்கால்வாசிப் பெட்டிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். இணைக்க மறுத்து அடம்பிடித்தால் முதலில் அதைப் பாருங்கள். ஜிக்பீ, இசட்-வேவ் என்று வை-ஃபை அல்லாத வேறு ஒயர்லெஸ் முறைகளும் உண்டு; அந்த வகைக்கு நடுவில் செய்தியை வாங்கிக் கடத்தும் ஹப் என்ற கருவி ஒன்று வேண்டும், பதிலுக்கு பேட்டரி நிறைய நாள் வரும். நாலைந்து பெட்டிக்கு மேல் போவதாக இருந்தால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

இரண்டு ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடுங்கள். கரண்ட் போனால் ரௌட்டர் அணையும், அதோடு உங்கள் தகவலும் போச்சு, ஆகவே ரௌட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வைக்கலாம். இன்னொன்று, போனை சைலண்டில் போட்டுத் தூங்குகிறவர்கள் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்து வையுங்கள். வீட்டுச் சாவி வைத்திருக்கும் யாராவது ஒருவரின் போனுக்கும் அதே தகவல் போகட்டும். நீங்கள் பாதிப் பயணத்தில் இருக்கும்போது 'சமையலறையில் தண்ணீர்' என்று செய்தி வந்து என்ன பிரயோஜனம்?

கேள்வி: படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்து பெயிண்ட் உரிகிறது. சென்சார் வைத்தால் எங்கே கசிகிறது என்று காட்டுமா?

பதில்: காட்டாது. சுவருக்குள் நடப்பது தரைக்கு வந்தால்தான் அதற்குத் தெரியும். நீங்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவியே வேண்டாம். தண்ணீர் மீட்டர் உள்ள வீடாக இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் இருக்கிற குழாய் எங்கோ ஒழுகுகிறது. மேல்தொட்டி வீடு என்றால், படுக்கப் போகும்போது தொட்டிக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. காலையில் முதல் ஆள் குழாயைத் திறக்கும் முன் போய்ப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் அடுத்த ராத்திரி தொட்டியிலிருந்து கீழே போகும் வால்வையும் மூடிவிட்டு அதே சோதனை. அப்போதும் இறங்கினால் தொட்டியே ஒழுகுகிறது, இறங்காவிட்டால் குற்றவாளி கீழே குழாயில்.

இடையில் ஃப்ளஷ் தொட்டியை மறந்துவிடாதீர்கள், சத்தமே இல்லாமல் ஒழுகுவதில் அதற்கு ஈடு கிடையாது. தொட்டிக்குள் கொஞ்சம் வண்ணம் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து பாருங்கள். பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது.

மீட்டரும் தொட்டியும் அசையவில்லை, ஆனாலும் சுவர் ஈரம் என்றால் அது கழிவுநீர்க் குழாய், குளியலறைத் தரையின் இணைப்பு, வெளியிலிருந்து வரும் மழைத் தண்ணீர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் எப்போது கூடுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள்: யாராவது குளித்த பிறகா, மழைக்குப் பிறகா? அந்தக் குறிப்போடு பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் உடைக்கிற டைல்ஸ் எண்ணிக்கை குறையும். வெப்பக் கேமரா கொண்டுவந்து காட்டுகிறவர்கள் உண்டு. அது சுவரின் மேற்பரப்பு சூட்டை மட்டும்தான் பார்க்கும், தண்ணீரைப் பார்க்காது. துப்பு கொடுக்கும், அவ்வளவே.

கேள்வி: ஏ.சி.யிலிருந்து ஒழுகிய தண்ணீர் பெட்டியைச் சுற்றி நின்றது, கத்தவே இல்லை. குழாய்த் தண்ணீர் விட்டால் கத்துகிறது. பழுதா?

பதில்: பழுதாக இல்லாமலும் இருக்கலாம். ஏ.சி. சொட்டுவது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய ஈரம், கிட்டத்தட்ட காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி. உப்பு இல்லாத தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வடிகட்டிக் கொடுக்கும் தண்ணீருக்கும் இதே குணம் ஓரளவு உண்டு. உணர்திறன் நன்றாக உள்ள பெட்டி அதையும் பிடித்துவிடும், மந்தமான பெட்டி தவறவிடும். ஆகவே எந்தத் தண்ணீருக்குக் காவல் வைக்கிறீர்களோ அந்தத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து அதிலேயே சோதியுங்கள். ஏ.சி.க்கு என்றால் வடிதட்டில் வைக்கும் மிதவை சுவிட்ச் சிறந்தது. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், உப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கேள்வி: தரை துடைக்கும்போதெல்லாம் கத்துகிறது. மாமியார் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள்.

பதில்: மாமியார் பக்கம்தான் நியாயம். துடைக்கும் முன் பெட்டியை எடுத்து மேலே வையுங்கள், தரை காய்ந்ததும் திரும்ப வையுங்கள். சோப்புத் தண்ணீர் புள்ளிகளில் படிந்து காய்ந்தால் லேசான ஈரக்காற்றுக்கே கத்த ஆரம்பிக்கும், மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். பேட்டரி போட்ட தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முதுகில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: கசிவு தெரிந்ததும் தானாகத் தண்ணீரை அடைக்கும் வால்வு இருக்கிறதாமே? நானே மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டு வகை. ஏற்கெனவே இருக்கிற வால்வின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும் மோட்டார் ஒன்று. இதை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் மாட்டலாம், வாடகை வீட்டுக்கும் ஏற்றது. ஆனால் கைப்பிடி கால் வட்டம் திரும்பினால் மூடுகிற, உள்ளே உருண்டை சுழலும் 'பால் வால்வு' (ball valve) ஆக இருக்க வேண்டும், சக்கரம் மாதிரிச் சுற்றுகிற வால்வுக்கு ஒத்துவராது. வாங்குவதற்கு முன் கைப்பிடியை நீங்களே திருப்பிப் பாருங்கள். உங்கள் கையே திணறினால் அந்தச் சின்ன மோட்டார் என்ன செய்யும்? முதலில் வால்வை மாற்றுங்கள். இரண்டாவது வகை, குழாயை வெட்டி நடுவில் பொருத்துவது. அதற்கு பிளம்பர்தான்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேல்தொட்டி வீட்டில், வெளியிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயில் வால்வு போட்டால் தொட்டியில் இருக்கிற தண்ணீரை யார் நிறுத்துவது? நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் 1,000 லிட்டர் தொட்டி ஒரு மணி நேரம் சொச்சத்தில் முழுசாக உங்கள் கூடத்தில் இருக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில்தான் வால்வு வேண்டும். அங்கேயும் எண்ணிப் பாருங்கள்: சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று தனித்தனியாக இறங்கினால் ஒரு வால்வு போதாது. நடுவில் பிரஷர் பம்ப் இருந்தால் வால்வு பம்புக்குப் பிறகு வரட்டும். முன்னால் வைத்தால் வால்வு மூடியதும் பம்ப் தண்ணீர் இல்லாமல் ஓடிப் புகைந்துவிடும். தீயணைப்புத் தெளிப்பான்களுக்குப் போகும் குழாயில் மட்டும் எக்காரணம் கொண்டும் இதை மாட்டாதீர்கள்.

குழாயில் ஓடும் தண்ணீரை அளந்து, வழக்கத்துக்கு மாறாக ஓடிக்கொண்டே இருந்தால் மூடுகிற பெரிய கருவிகளும் உண்டு. சுவருக்குள் உடைந்தால்கூடக் கண்டுபிடிக்கும் என்பது அவற்றின் பலம். ஆனால் அந்தக் கருவி வரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள்; தொட்டியிலிருந்து சும்மா இறங்கும் தண்ணீருக்கு அது எட்டாமல் போகலாம்.

எந்த வகையானாலும் மாதம் ஒருமுறை மூடித் திறக்கச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் ஓடுகிற குழாயில் அசையாமல் கிடக்கும் வால்வு படிவு பிடித்து இறுகி, தேவைப்படும் அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணும்.

கேள்வி: சரி, நடு ராத்திரி கத்துகிறது. முதலில் என்ன செய்வது?

பதில்: ஓடிப் போய்த் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். பிளக், எக்ஸ்டென்ஷன் போர்டு, மெஷின் எதையாவது தண்ணீர் தொட்டிருந்தால் முதலில் மெயின் சுவிட்ச், அதுவும் காய்ந்த தரை வழியாகப் போக முடிந்தால் மட்டும். சுவிட்சுக்குப் போகும் வழியே ஈரமென்றால் வெளியே வந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுத்தது தண்ணீர் வால்வு. அன்று நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நாலு வால்வில் எது எங்கள் வீட்டு வால்வு என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது, வீட்டில் சின்னவனுக்குக்கூட அது எங்கே என்று தெரியும். காப்பீடு இருந்தால் துடைப்பதற்கு முன் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாளி, துணி, ஃபேன். அலமாரிகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், ஈரம் அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பெட்டியைத் துடைத்து, புள்ளிகளை உலர்த்தி, திரும்ப வையுங்கள். என் வீட்டில் என்றால் இடது பக்கம்.