எந்தக் கம்பெனி மதர்போர்டு வாங்கலாம்?

மகளின் படிப்புக்காக கோர் ஐ5-12400 பிராசசர் போட்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய இருக்கிறேன். 'ஒரிஜினல் இன்டெல் போர்டு போட்டால்தான் உழைக்கும்' என்கிறார் என் அண்ணன். கடைக்காரரோ அசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ என்று மூன்றை எடுத்து வைக்கிறார். எதை நம்புவது? – ஒரு வாசகர், தருமபுரி

உங்கள் அண்ணன் சொல்வது டிஜி41 என்ற பழைய இன்டெல் போர்டு காலத்துக் கணக்கு. டெஸ்க்டாப் மதர்போர்டு தயாரிப்பிலிருந்து விலகுவதாக இன்டெல் 2013 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. இன்று கடையில் 'இன்டெல் போர்டு' என்றால், இன்டெல் சிப்செட் (போர்டின் வேலைகளை ஒருங்கிணைக்கும் சிப்) வைத்து வேறொரு கம்பெனி செய்த போர்டு என்றுதான் பொருள்.

கடைக்காரர் காட்டிய மூன்றும் தைவான் கம்பெனிகள். 2002-ல் அசுஸிலிருந்து கிளைத்த அஸ்ராக்கையும் சேர்த்து நான்கு. இதில் எதை எடுத்தாலும் குற்றமில்லை. ஆனால் இந்த நான்கு பேருமே மலிவு போர்டும் செய்கிறார்கள், அதைப்போல ஐந்தாறு மடங்கு விலையுள்ள போர்டும் செய்கிறார்கள். பெட்டியில் ஒரே பெயர். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அதனால் பெயரைப் பார்த்த கையோடு, பிராசசர் சாக்கெட்டை ஒட்டியுள்ள இடத்தையும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) தரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்து பிராசசருக்குக் கொடுக்கும் விஆர்எம் பகுதி அங்கேதான் இருக்கிறது. போர்டில் அதிகம் சூடாவதும் அதுதான்.

ஐ5-12400 சாதாரணமாக 65 வாட், முழு வேகத்தில் 117 வாட் இழுக்கும். இதற்கு ஹெச்610 சிப்செட் போர்டு தாராளமாகத் தாங்கும், விஆர்எம் மேல் ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாவிட்டாலும்கூட. இரண்டு வருடம் கழித்து அதே போர்டில் ஐ7-13700 மாட்டினால்தான் வம்பு. அது 219 வாட் வரை கேட்கும். விஆர்எம் கொதித்ததும் தன்னைக் காத்துக்கொள்ள பிராசசரின் வேகத்தை இறக்கிவிடும். சித்திரை வெயிலில் ஃபேன் காற்றே அனலாக அடிக்கும் அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். காரணம் புரியாமல் நாம் ராமை மாற்றிக்கொண்டிருப்போம்.

பின்னால் ஐ7 போடும் எண்ணமோ, நான்கு ராம் ஸ்லாட் தேவையோ இருந்தால் ஹீட்சிங்க் உள்ள பி760 சிப்செட் போர்டு எடுங்கள். இல்லையென்றால் ஹெச்610 போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போடுவது புத்திசாலித்தனம். ஒரே மாடல் டிடிஆர்4 ராமுக்கு ஒன்று, டிடிஆர்5 ராமுக்கு ஒன்று என இரண்டு வகையாக வரும். பெயரின் கடைசியில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற ராம் வாங்குங்கள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது.

எஸ்.பி. ரோட்டில் வாங்கினால் விலை குறைவு என்கிறார்கள். பெங்களூரு போய் வாங்கலாமா, இங்கேயே வாங்கலாமா? – ஒரு வாசகர், ஓசூர்

ஓசூரிலிருந்து போய்வருவது பெரிய காரியமில்லை. ஆனால் போர்டு பழுதானால் திரும்பவும் நீங்கள்தான் அலைய வேண்டும். இந்த நான்கு கம்பெனிகளும் பொதுவாக 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. அதைக் காப்பாற்றுவது பில்தான். ஜிஎஸ்டி பில்லில் போர்டின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள நம்பரும் போர்டில் ஒட்டியுள்ள நம்பரும் ஒன்றுதானா என்று ஒத்துப்பாருங்கள். 'பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே சீராகப் பளபளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒளி மாறினால் அங்கே பின் வளைந்திருக்கிறது. வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது. அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். மூடி இல்லாமல் வாரண்டிக்கு அனுப்பினால் வழியில் பின் வளையும், பழி உங்கள் மேல் விழும்.

தக்காளி மண்டியில் கணக்கு எழுத மட்டும் ஒரு சிஸ்டம் வேண்டும். ஹெச்61 போர்டு புதிது, மிக மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா? – ஒரு வாசகர், பாலக்கோடு

வேண்டாம். ஹெச்61 என்பது 2011-ல் வந்த சிப்செட். பெயர் தெரியாத கம்பெனிகள் இன்று 'புதிது' என்று விற்கும் போர்டுகளில், பழைய போர்டிலிருந்து பெயர்த்தெடுத்த சிப்பைப் புதுத் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) அப்டேட் எங்கும் கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட இன்டெல்லில் 8-ம் தலைமுறையாவது வேண்டும். ஹெச்61 ஏற்பது 2, 3-ம் தலைமுறை மட்டுமே. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கும் மெஷினில் இந்தச் சிக்கனம் ஆகாது.

இரண்டு வருடத்தில் இரண்டு போர்டு போய்விட்டது. இரண்டும் வேறு வேறு கம்பெனி. கேபினெட்டைத் தொட்டால் லேசாக சுர்ரென்கிறது. மூன்றாவதாக எந்தக் கம்பெனி வாங்குவது? – ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

எதையும் வாங்காதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் எர்த்துக்குச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் போகும். அவற்றின் வழியே கொஞ்சம் கரண்ட் கசியும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் முழுக்க, வீட்டுக் கரண்டில் பாதி அளவு, அதாவது 115 வோல்ட் வாக்கில் நிற்கும். உங்கள் விரலில் சுர்ரென்பது அதுதான். பிரிண்டர், மானிட்டர் கேபிளை மாட்டும்போது அந்த வோல்டேஜ் போர்டு வழியாகப் பாய்ந்தால் யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகள் முதலில் போகும், பிறகு போர்டே போகும். இடி மின்னல் நாளில் கேட்கவே வேண்டாம்.

எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று பின் சாக்கெட்டில் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஃபேஸ்–எர்த்தும் ஏறத்தாழ அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஃபேஸ்–எர்த் 100, 150 என்று தடுமாறினால் எர்த் அறுந்திருக்கிறது, அல்லது எர்த் குழி காய்ந்துவிட்டது.

கிருஷ்ணகிரிப் பக்கம் கால் வைத்த இடமெல்லாம் கருங்கல். பாறையும் காய்ந்த மண்ணும் கரண்டை எளிதில் வாங்காது. எர்த் பைப் குறைந்தது இரண்டரை மீட்டர் இறங்க வேண்டும். மூன்றடியில் பாறை தட்டியதும் பைப்பை அறுத்துவிட்டு 'முடிந்தது' என்று போய்விடுகிறார்கள். பாறை குறுக்கிட்டால் பைப்பைச் சற்றுச் சாய்த்து இறக்கலாம், அல்லது தள்ளித் தள்ளி இரண்டு மூன்று குழி தோண்டிச் சேர்த்துக் கட்டலாம். கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் ஒருமுறை குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள் இணைத்து 'சரிசெய்து' கொடுப்பவர்கள் உண்டு. நியூட்ரல் ஒயர் அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். உயிருக்கே ஆபத்து, விடாதீர்கள்.

அதன் பிறகு எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதியுங்கள். மஞ்சள் ஒயரில் 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் சோதிக்காமலே மாற்றிவிடலாம்.

வைஃபை உள்ள போர்டு அவசியமா? – ஒரு வாசகி, அரூர்

இல்லை. யூஎஸ்பி வைஃபை சில நூறு ரூபாய்தான். மோடம் அதே அறையில் இருந்தால் லேன் கேபிள் இன்னும் நல்லது.

புது பி660 போர்டு, 14-ம் தலைமுறை ஐ5. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டு டெட் என்கிறார் கடைக்காரர். – ஒரு மாணவர், பர்கூர்

டெட்டாக இருக்க வேண்டியதில்லை. பி660 வந்தது 2022 ஜனவரியில். உங்கள் பிராசசர் வகை வந்தது 2023 அக்டோபரில். போர்டில் பழைய பயாஸ் இருந்தால் பிராசசரை அதற்கு அடையாளமே தெரியாது. போர்டின் பின்பக்கம், பிராசசர் உதவியில்லாமலே பயாஸை அப்டேட் செய்யும் பயாஸ் பிளாஷ் பட்டன் இருக்கிறதா பாருங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் இருக்காது. அப்போது 12-ம் தலைமுறை பிராசசர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு அப்டேட் செய்ய வேண்டும்.

பட்டன் இருந்தால்: 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்யுங்கள். கம்பெனி தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கும், போர்டின் மூலையில் அச்சிட்டுள்ள ரிவிஷன் எண்ணுக்கும் உரிய பயாஸ் கோப்பை இறக்குங்கள். கோப்பின் பெயரைக் கையேடு சொல்லும்படி ஓர் எழுத்தும் பிசகாமல் மாற்றுங்கள். பலர் தவறுவது இங்கேதான். எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின், 8 பின் கேபிள்களை மாட்டி, அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி போர்ட்டில் பென்டிரைவைச் செருகி பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுக்கி மினுக்கி சில நிமிடத்தில் அணையும். அதுவரை கரண்ட் போகக் கூடாது, ஆகவே யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். முடிந்த பிறகு முதல் தடவை டிஸ்ப்ளே வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கலாம். அவசரப்பட்டு ஸ்விட்சை அணைக்காதீர்கள்.