15 வருட அனுபவம் இருந்தும் போல்ட் அடிக்காத கூரைக்குக் கீழே ஏன் போகிறார்கள்?

கேள்வி: நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என்னிடம் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் 15 வருட அனுபவம் உள்ளவர்கள், பயிற்சி எல்லாம் முடித்தவர்கள். ஆனாலும் பாறை விழாமல் பிடித்துவைக்கும் போல்ட் இன்னும் அடிக்காத கூரைக்குக் கீழே போகிறார்கள், வெடிக்கும் வாயுவான மீத்தேனை அளந்து எச்சரிக்கும் மீத்தேன் மானியின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி வைக்கிறார்கள். கண்டித்தால் இரண்டு நாள் ஒழுங்காக இருக்கிறார்கள், அபராதமும் போட்டுப் பார்த்தோம். மறுபடி பயிற்சிக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பினாலும் பெரிதாக மாறாது. கூரை விழும் என்பது அவர்களுக்குத் தெரியாத விஷயமா என்ன? மனிதத் தவறுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், கைதவறிச் செய்வது, மறந்துபோவது, தப்பாகப் புரிந்துகொள்வது இவற்றை ஒரு பக்கமும், தெரிந்தே விதியை மீறுவதை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தார். புரிதலில் குறை இருந்தால் பயிற்சி உதவும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை, அதற்கு மருந்து வேறு.

அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். போல்ட் அடிக்கும்வரை காத்திருக்காமல் இரண்டு அடி உள்ளே போனால் நேரம் மிச்சம், வேலை முடிகிறது, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இந்த லாபம் உடனே கிடைக்கிறது, ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது. ஆபத்தோ எப்போதாவது வருவது, அதுவும் பெரும்பாலும் வேறு யாருக்கோ. ஆயிரம் முறை உள்ளே போய் ஆயிரம் முறையும் பத்திரமாகத் திரும்பியவரின் மனசு ‘இது ஆபத்தில்லை’ என்றுதான் பழகும். அவர் சோம்பேறியும் இல்லை, முட்டாளும் இல்லை.

அனுபவம் இதை இன்னும் கெட்டியாக்கும். பழைய ஆட்கள் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கணீரென்று கேட்டால் கெட்டியான பாறை, பொத்தென்று கேட்டால் அடுக்கு விட்டிருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார்கள். உண்மையான திறமைதான், மதிக்க வேண்டியதுதான். ஆனால் உயரத்தில், தடிமனான ஓர் அடுக்கு பிரிந்திருந்தால் கீழே கேட்கும் ஒலி அதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். ‘எனக்குக் கூரையைத் தெரியும்’ என்ற நம்பிக்கை வளர்ந்துகொண்டே போக, காதுக்கு எட்டாத ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

மீத்தேன் மானி விஷயம் இன்னும் நுணுக்கமானது. காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 சதவீதம்வரை இருந்தால் வெடிக்கும். கருவியோ பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியே கத்தும்படி வைக்கப்பட்டிருக்கும், தப்பிக்க அவகாசம் வேண்டுமே. ஆனால் நிலக்கரி வெட்டும் முகப்பில் நிற்பவருக்கு இது எப்படித் தெரிகிறது? கருவி கத்துகிறது, இயந்திரம் நிற்கிறது, வெடிக்கவில்லை. மறுநாளும் அதே கதை. கொஞ்ச நாளில் அந்த ஒலி எச்சரிக்கையாகவே காதில் விழாது, வெறும் தொந்தரவாகத்தான் விழும், அப்புறம் பிளாஸ்டிக் பை வருகிறது. நேற்று கத்தியபோது அளவு எவ்வளவு, அந்தப் பக்கம் காற்றோட்டம் ஏன் குறைந்தது, என்ன சரிசெய்தோம் என்று அடுத்த ஷிப்டிலேயே அவர்களிடம் சொன்னால் ஒலிக்கு மறுபடி அர்த்தம் வரும். நீங்கள் செய்யக்கூடியவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

புதிதாக வருபவர்கள் வகுப்பில் கேட்டதை மறந்துவிட்டு மூத்தவரைப் பார்த்துத்தான் கற்கிறார்கள், அவர் காத்திருக்காதபோது இவன் மட்டும் காத்திருந்தால் பயந்தவன் என்ற பெயர் வந்துவிடும். அந்த வெட்கம் கூரையைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எது? ‘எத்தனை டன்?’ என்பதுதான் என்றால், சுவரில் எந்தப் பலகையை மாட்டியும் பயனில்லை, உங்களுக்கு எது முக்கியம் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1992 மே 9 அன்று வெஸ்ட்ரே சுரங்கம் வெடித்து 26 பேர் இறந்தார்கள். உற்பத்தியை மட்டும் வைத்துக் கொடுக்கப்பட்ட ஊக்கத்தொகையையும் அதன் விசாரணை அறிக்கை குறை சொன்னது. நீங்கள் ‘பார்த்து முடிச்சிடுங்க’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் இருந்தால், அவையும் அனுமதியாகத்தான் அவர்கள் கணக்கில் ஏறியிருக்கும்.

இதோடு தூக்கத்தையும் பாருங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், ரத்தத்தில் மது 0.05 சதவீதம் இருப்பவரின் அளவுக்குச் செயல்திறன் சரிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவு ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் மீறல்கள் கூடுகின்றனவா என்று உங்கள் பதிவேட்டிலேயே தேடுங்கள். கூடினால் ஆபத்தான வேலையை ஷிப்டின் முன்பகுதிக்கு மாற்றுங்கள்.

அபராதம் ஏன் வேலை செய்யவில்லை என்றால், அது மீறலை நிறுத்துவதற்குப் பதிலாக மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. கல் விழுந்து நூலிழையில் தப்பியதையும் உங்களிடம் சொல்லமாட்டார்கள், உங்களுக்கு மிகவும் தேவையான செய்தியோ அதுதான். தப்பிய சம்பவத்தைச் சொல்ல வந்தவருக்குத் தண்டனை இல்லை என்று அறிவித்துவிட்டு, முதல் ஆள் வரும்போது அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். தெரிந்தே அடுத்தவர் உயிரைப் பணயம் வைப்பவருக்கு மட்டும் தண்டனை இருக்கட்டும். அப்புறம், மூத்தவர்கள் இரண்டு பேரைத் தனியாக உட்காரவைத்து, ‘போல்ட் அடிக்கும்வரை காத்திருக்க முடியாமல் செய்வது எது?’ என்று கேளுங்கள். போல்ட் நேரத்துக்கு வருவதில்லை, துளையிடும் இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுகிறது என்பதுபோல ஏதாவது சொன்னால், வாதாடாமல் எழுதிக்கொண்டு, அதில் ஒன்றையாவது ஒரு வாரத்துக்குள் சரிசெய்து காட்டுங்கள். மூத்தவர் ஒருவர் காத்திருக்கத் தொடங்கினால், பக்கத்தில் நிற்கும் இளைஞனுக்கு வெட்கப்படக் காரணம் இருக்காது.