பெயரிழந்து வரும் இணைப்புகள்: கோப்பு பழுதாகவில்லை, பணம் கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அனுப்பிய கேள்வி இது. மகனின் வெளிநாட்டு மேற்படிப்புக்காக அவர் ஓர் அலுவலகத்திடம் கேட்டிருந்த ஆவணங்கள் மூன்று மின்னஞ்சல்களில் வந்திருக்கின்றன. முதலாவதில் 'வின்மெயில்.டாட்' என்றொரு கோப்பு மட்டுமே இருந்தது. இரண்டாவதில் இருந்த கோப்புக்குப் பெயரே இல்லை; 'நோநேம்' என்று காட்டியது. மூன்றாவதாக வந்த வேர்ட் கடிதம் திறந்தபோதிலும், உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. பக்கத்துக் கடையில் காட்டியபோது, கோப்புகள் பழுதாகிவிட்டன, மீட்டெடுக்க 4,500 ரூபாய் ஆகும் என்று சொல்லி, மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கிக்கொண்டார்களாம். "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

அம்மா, கோப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் சொந்தத் தொலைபேசியிலிருந்து அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். மாற்றியபின் மின்னஞ்சலின் அமைப்புகளுக்குள் சென்று, உங்களுக்கு வரும் அஞ்சல்களை வேறொரு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு ஏதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் உங்கள் அஞ்சல்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். ஓர் இணைப்பைத் திறந்து தருவதற்கு எந்த வல்லுநருக்கும் உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. கோப்பைத் தரவிறக்கிக் கையில் கொடுத்தாலே போதும். கடவுச்சொல்லையோ, தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ கேட்கிறவர் கோப்பைப் பற்றி எதுவும் அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது வேறு நோக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் இந்த ஒன்றை எழுதி எழுதி எனக்கு அலுக்கவில்லை, ஏனென்றால் ஏமாற்றப்படுகிறவர்கள் குறையவில்லை.

இனிக் கோப்புகளுக்கு வருவோம். அவற்றில் ஒன்றுகூடப் பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பொதி பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. மேலே ஒட்டிய சீட்டுத்தான் வழியில் உரிந்து போயிருக்கிறது.

வின்மெயில் கோப்பு அனுப்பியவரின் அவுட்லுக் செய்த வேலை. அந்த மென்பொருளில் கடிதத்தை 'ரிச் டெக்ஸ்ட்' என்ற வடிவில் அனுப்பினால், இணைப்புகள் யாவும் மைக்ரோசொஃப்ட்டின் சொந்தப் பொதி ஒன்றுக்குள் போய்விடுகின்றன. மற்ற மென்பொருள்கள் பலவற்றுக்கு அந்தப் பொதியைப் பிரிக்கத் தெரியாது. ஆகவே அந்த அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: "கடித வடிவத்தை எச்.டி.எம்.எல். என்று மாற்றி, இதே இணைப்பை மீண்டும் அனுப்புங்கள்." பத்து விநாடி வேலை. இந்தப் பொதியைப் பிரித்துத் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்கள் நிறைய உண்டு. மகனின் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் அடங்கிய ஒரு கோப்பை, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத தளத்தில் ஏற்றாதீர்கள்.

பெயரில்லாத கோப்பின் கதை பழையது. 1982 இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இணைப்புகளும் பிற மொழிகளும் 1992 இல்தான் ஒழுங்காகச் சேர்க்கப்பட்டன. பிறமொழிக் கோப்புப் பெயர்களுக்கான விதி அதற்கும் பிந்தியது. அந்த விதிப்படி 'க' என்ற ஓரெழுத்தை எழுத ஒன்பது ஆங்கிலக் குறிகள் வேண்டும். 'பிறப்புச் சான்றிதழ் உறுதிப்படுத்திய பிரதி' என்று பெயர் வைத்தால் அது எவ்வளவு நீளும் என்று எண்ணிப் பாருங்கள். வழியிலுள்ள பழைய மென்பொருள் ஒன்று அதைப் புரிந்துகொள்ளாமல் பெயரைக் கைவிட்டுவிடுகிறது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று தமிழில் எழுதுவது எனக்கு உவப்பான செயல் அல்ல. ஆனாலும் அலுவலகங்கள் தங்கள் மென்பொருளைப் புதுப்பிக்கும் வரை, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சுருக்கமான பெயரை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உங்களிடம் வந்துவிட்ட கோப்பைக் கணினியில் தரவிறக்கி, நோட்பேட்டில் திறந்து, முதல் சில எழுத்துகளை மட்டும் பாருங்கள். சதவீதக் குறியும் அதையடுத்துப் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் இருந்தால் அது பி.டி.எஃப். கோப்பு. பி, கே என்று தொடங்கினால் பெரும்பாலும் வேர்ட் அல்லது எக்செல். முதல் வரியில் ஜே, எஃப், ஐ, எஃப் தெரிந்தால் படம். எம், இசட் என்று தொடங்கினால் அது ஆவணமே அல்ல, இயங்கும் நிரல், உடனே அழித்துவிடுங்கள். பார்த்தபின் நோட்பேட்டைச் சேமிக்காமல் மூட வேண்டும், சேமித்தால் உண்மையிலேயே பழுதாகிவிடும். பிறகு கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் கோப்பின் வகையைக் குறிக்கும் நீட்சியும் (பி.டி.எஃப். கோப்புக்கு pdf என்பதுபோல) சேர்த்தால் திறந்துகொள்ளும்.

மூன்றாவது கடிதம்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்று எழுதும்போது கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. தமிழெழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் வைத்திருக்கும் யூனிகோட் முறையை அடிப்படையாகக் கொண்ட எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரம் 2008 இலேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னரும் ஒரு பொதுமகளின் கடிதத்தைப் பாமினியில் தட்டி அனுப்புகிறார்கள் என்றால், பெறுகிறவரால் வாசிக்க முடியுமா என்று அங்கே யாரும் கேட்டுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

பாமினியை நிறுவினால் கடிதம் தெளியும். அல்லது பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொல்லலாம். எழுத்துருவும் உள்ளேயே பொதியப்பட்டிருந்தால் எங்கும் சரியாகத் தெரியும். ஆனால் இங்கே ஒரு விலக்கைப் பொறுமையாக வாசியுங்கள், உங்கள் மகனின் காரியம் இதில்தான் தங்கியிருக்கிறது. அந்தப் பி.டி.எஃப். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது அதே ஆங்கில எழுத்துகள்தான். அதிலிருந்து வெட்டி விண்ணப்பத்தில் ஒட்டினாலோ, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பி அவர் பிரதி எடுத்தாலோ, மறுபடியும் குழப்பமே மிஞ்சும். சரி, யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று முழுக் கடிதத்தையும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால், இடையில் ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழெழுத்துகளாகச் சிதைந்துவிடும். பழைய அடையாள அட்டை எண்ணின் முடிவிலுள்ள பெரிய 'வி' எழுத்து 'ஏ' ஆகும். 'எக்ஸ்' என்று முடிந்தால் அது 'ஓ' ஆகும். ஒன்பது இலக்கங்களும் சரியாக இருப்பதால் யாருடைய கண்ணிலும் படாது. விண்ணப்பம் திரும்பி வரும்போதுதான் தெரியும். ஆகவே தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக மாற்றுங்கள், எண்களையும் பெயர்களையும் மூலத்தைப் பார்த்துக் கையால் தட்டுங்கள்.

கடைக்காரரிடம் முற்பணம் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அவருடைய கணினியில் உங்கள் மின்னஞ்சல் இன்னும் திறந்திருக்கலாம். பாதுகாப்புப் பகுதியில் உங்கள் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும், அதில் உங்களுடையதல்லாத அனைத்தையும் இன்றிரவே வெளியேற்றிவிடுங்கள்.