வாசகர் கேள்வி–பதில்: பேஸ் கிட்டாருக்கு எந்த மரம்?

கேள்வி: எனக்கென்று ஐந்து கம்பி பேஸ் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன். பாடிக்கு ஆல்டர், ஸ்வாம்ப் ஆஷ், மஹோகனி. கம்பிகள் ஓடும் கழுத்துப் பகுதியான நெக்குக்குத் தனி மேப்பிள் அல்லது மேப்பிள்–வெங்கே ஒட்டு. இதில் எது வேண்டும் என்று என்னிடமே கேட்கிறார், செய்பவர். ஒலி கணீரென்று இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் நின்று வாசித்தாலும் தோள் தாங்க வேண்டும். என்ன சொல்வது?

பதில்: முதலில் நெக்கை முடிவு செய்யுங்கள். பேஸ் செய்யச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலானோர் பாடி மரத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். நெக் என்று வந்தால், “மேப்பிள்தானே, போடுங்கள்” என்று முடித்துவிடுகிறார்கள். என் பட்டறையில் நான் பலகை பொறுக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வது நெக்குக்குத்தான்.

ஐந்து கம்பிகளையும் சுருதி சேர்த்த பிறகு நெக்கின் மேல் விழும் இழுவிசை ஏறக்குறைய 90 கிலோ. அதை ஓர் ஒல்லியான மரத்துண்டு ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். முன்னால் வளைந்தால், நெக்குக்குள் ஓடும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகிச் சரி செய்யலாம். முறுக்கிக்கொண்டால் சாதாரண ட்ரஸ் ராடால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முறுக்காத மரமாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் டெட் ஸ்பாட். ஜி கம்பியில் 5-ஆவது ஃப்ரெட்டுக்கும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) 7-ஆவது ஃப்ரெட்டுக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் மட்டும் சுரம் சட்டென்று அடங்கிப்போவதை நிறைய பேஸ்களில் கேட்டிருப்பீர்கள். அந்த இடத்துச் சுரங்களின் அதிர்வெண் 131 முதல் 147 ஹெர்ட்ஸ் வரை. நெக்குக்கும் இயல்பான அதிர்வெண் உண்டு. இரண்டும் ஒன்றிப்போனால் கம்பியின் சக்தி நெக்குக்குள் போய்விடும். நெக்கின் நுனியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறிய கிளாம்பை மாட்டி அதே இடத்தில் வாசித்துப் பாருங்கள், அடங்கும் இடம் நகர்ந்திருக்கும். நெக்கை விறைப்பாகச் செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். அறவே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனவே மேப்பிள்–வெங்கே ஒட்டையே சொல்லுங்கள். மூன்று மேப்பிள் பட்டைகள், நடுநடுவே இரண்டு வெங்கே, ட்ரஸ் ராடின் இருபுறமும் கார்பன் ஃபைபர் தண்டு. மேப்பிள் பட்டைகளின் ரேகையை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒன்று திரும்பப் பார்த்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். தனி மேப்பிள்தான் பிடிக்கும் என்றால் அதுவும் சரி, ஆனால் குவார்ட்டர்-சான் பலகையாக இருக்கட்டும். அறுத்த முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள், விரல் வைக்கும் பலகையான ஃப்ரெட்போர்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சூட்டில் வறுத்தெடுத்த ரோஸ்டட் மேப்பிள் ஈரப்பதத்துக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் கொஞ்சம் நொறுங்கும் தன்மை உண்டு, திருகு போகும் இடத்தில் சரியான அளவுக்கு முன்துளை போட வேண்டும்.

இனி பாடி. இதை எடை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான பேஸ் பாடி ஒன்றின் கன அளவு சுமார் நாலரை லிட்டர். ஆல்டர் கன மீட்டருக்கு 450 கிலோ என்றால் பாடி இரண்டு கிலோ. ஸ்வாம்ப் ஆஷ் 540 என்றால் ஏறக்குறைய 2.4. மஹோகனி 590 என்றால் 2.6-ஐத் தாண்டும். நீங்கள் சொன்ன மூன்று மணி நேரத்தில் அந்த அரைக் கிலோவைத் தோள் நன்றாகவே உணரும். இவையெல்லாம் சராசரிக் கணக்கு. ஸ்வாம்ப் ஆஷ் என்பது தனி மர இனம் அல்ல, சதுப்பு நிலத்தில் வளர்ந்த இலேசான ஆஷ். ஒரு பலகை இறகு மாதிரி இருக்கும், அடுத்தது கனக்கும். அதனால் உங்களுக்கென்று எடுத்து வைத்த பலகையைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒலி என்ன ஆகும் என்பீர்கள். அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப்புக்குள் இருக்கும் காந்தம் எஃகுக் கம்பியின் அசைவை மட்டுமே கேட்கிறது. கம்பியின் சக்தியில் எவ்வளவை எந்த அதிர்வெண்ணில் மரம் தின்கிறது என்பதில்தான் மரத்தின் பங்கு இருக்கிறது, அதிலும் நெக்குக்கே பெரிய பங்கு. கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை ஆஷ் பாடியோடு கொண்டுவந்து, 1956 வாக்கில் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது. இரண்டும் இன்றுவரை விரும்பப்படுகின்றன. மஹோகனி என்றால் கதகதப்பு, ஆஷ் என்றால் பளிச் என்று சொல்வதை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் ஒரே இனத்து இரண்டு பலகைகளுக்குள்ளேயே அதே அளவு வித்தியாசம் இருக்கிறது. கணீர் ஒலிக்குப் புது ரவுண்ட்வூண்ட் (உருண்டை இழை சுற்றிய) கம்பியும் பிக்கப் வைக்கும் இடமும்தான் முக்கியம். பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் ஊன்றும் இடம்) பக்கத்துப் பிக்கப்பை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே காதுக்குத் தெரியும்.

எடையில் ஒரே ஓர் எச்சரிக்கை. ஒட்டு நெக் கனமாகவும் பாடி மிக இலேசாகவும் இருந்தால் ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துச் சாயும், இடது கை அதைத் தாங்கியே களைத்துவிடும். இலேசான ட்யூனர் (சுருதி சேர்க்கும் முறுக்கி) போடச் சொல்லுங்கள். பெரிய வகை ஒன்று 100 கிராம் இருக்கும், இலேசான வகை 60-க்குள் கிடைக்கும். ஐந்துக்கு 200 கிராம் மிச்சம், அதுவும் நெக்கின் கடைசி நுனியில். பாடியின் மேல் கொம்பு 12-ஆவது ஃப்ரெட் வரை நீண்டிருக்கட்டும்.

ஆக, ஆல்டர். 2.2 கிலோவுக்குள் அடங்கும் ஆஷ் பலகை கிடைத்தால் மட்டும் ஆஷ். அதன் ரேகை அவ்வளவு அழகு.

கேள்வி: ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு போட்டால் நாடு விட்டு நாடு கொண்டுபோவதில் சிக்கல் வருமா?

பதில்: 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் ஏறக்குறைய எல்லாமே, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தபோது சிக்கல் இருந்தது. 2019 நவம்பரிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசிலியன் ரோஸ்வுட் மட்டும் 1992-இலிருந்தே இன்னும் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது, அதற்கு இந்த விலக்கு கிடையாது. தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸுக்கும் ரோஸ்வுட் போதுமா?

பதில்: ஃபிளாட்வூண்ட் (தட்டை இழை சுற்றிய) கம்பி போடுவதாக இருந்தால் தாராளமாகப் போதும். ரவுண்ட்வூண்ட் என்றால் கம்பியின் சுருள்கள் மரத்தை அரம்போல் அறுத்துக் கோடு விழுத்திவிடும். அப்போது எபனி வாங்குங்கள். இல்லையென்றால் ரோஸ்வுட்டின் மேல் எபாக்சி (கெட்டியாக இறுகும் பிசின்) பூசுங்கள். ஃப்ரெட்லெஸ் வாசிப்பில் பெயர்பெற்ற ஜாகோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸுக்குப் படகுக்குப் பூசும் எபாக்சியைத்தான் பூசினார்.