மூன்று குட்டிகளையும் ஒருவரே கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. பள்ளிக்கு எதிரே குட்டி போட்டிருந்த தெருநாய் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டது. அதன் மூன்று குட்டிகளையும் வீட்டுக்குத் தூக்கிவந்து ஐந்து வாரமாக வளர்க்கிறேன். இப்போது இரண்டு மாதம் இருக்கும். வெள்ளை ஆண், செவலை ஆண், கறுப்புப் பெண். கணவருக்கு அடுத்த மாதம் மாற்றல். வாட்ஸ்அப்பில் படம் போட்டதும் ஒருவர், தனக்குத் தோப்பு இருக்கிறது, மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன், வண்டிச் செலவுக்கு 3,000 ரூபாய் அனுப்புங்கள் என்கிறார். குட்டிகள் பிரியாமல் இருக்குமே என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது. கொடுக்கலாமா? யாருக்குக் கொடுத்தாலும் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. பணமும் அனுப்பாதீர்கள்.

மூன்று வாரக் குட்டிகளைப் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால் காய்ச்சியிருப்பீர்கள். அப்படிப் பிழைத்த குட்டிகளை முகம் தெரியாத ஒருவர் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது ‘வெள்ளை ஆண்’ என்ற இரண்டு சொற்கள்தான். அவருக்கு வேண்டியது அந்த ஒரு குட்டியாக இருக்கும் என்று பயப்படுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என் கிளினிக்குக்கு அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். ராஜபாளையம் என்று சொல்லி 12,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். மேசையில் நிறுத்தி மூக்கைத் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் கடுகு கடுகாகக் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. பல நாட்டுக் குட்டிகளுக்குப் பிறக்கும்போது மூக்கு இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அப்புறம் வாரத்துக்கு வாரம் கறுப்பு ஊறி முழுதாக மூடிவிடும். ராஜபாளையத்துக்கு மூக்கு இளஞ்சிவப்பாகவே நிற்கும். இடைத்தரகர்கள் அந்த நாலைந்து வார இடைவெளியில்தான் வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள். வெள்ளைக் குட்டி கை மாறிய பிறகு மற்ற இரண்டும் அவர்களுக்குப் பாரம். பைபாஸ் ஓரத்தில், சாப்பாட்டுக் கடைகளின் குப்பைமேட்டருகே இறக்கிவிடப்பட்ட குட்டிகளை நான் பலமுறை எடுத்து வந்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பெண் குட்டிகள்.

உங்களிடம் பேசுபவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ‘வெள்ளையும் செவலையும் போய்விட்டன, கறுப்புப் பெண் குட்டி மட்டும் இருக்கிறது, நானே உங்கள் தோப்புக்குக் கொண்டுவந்து விடுகிறேன், இடம் அனுப்புங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையாகவே நாய் வளர்க்க நினைப்பவர் சரி, வாருங்கள் என்பார். மற்றவர் அதற்குப் பிறகு போனை எடுக்க மாட்டார்.

அவர் நல்லவராகவே இருந்தாலும், மூன்றையும் தோப்புக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் என் கருத்து. ‘தோப்பில் ஜாலியாக ஓடித் திரியும்’ என்ற பேச்சை நம்பிக் கொடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். தென்னை மரத்தில் நாலடிச் சங்கிலி, வெயில் திரும்பினால் நிழல் கிடையாது, தேங்காய் வெட்ட ஆள் வரும் நாளில்தான் சோறு. ஆள் இல்லாத இடத்துக்குக் காவல் என்று கொண்டுபோய்க் கட்டும் நாய்க்கு நோய் வந்தால் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? குட்டிகள் பிரியுமே என்ற கவலையை விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் அவற்றுக்கு வேண்டியது ஒரு வீடும் அந்த வீட்டு மனிதர்களும்தான். மூன்றும் ஒன்றாகவே வளர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மனிதரிடம் சரியாகப் பழகாது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில், பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம்தான். முதல் முறை பிடிபட்டால் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் சட்டப் புத்தகத்தில் இதே தொகைதான். நாய் வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் விதி வந்தது. சந்தையில் கூடைக்குள் கண் திறந்து சில நாளே ஆன குட்டிகளை வைத்து விற்பதை நானே பார்த்திருக்கிறேன். புகார் எழுதிக் கொடுத்தேன். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், நாலு மாதம் அலைந்ததுதான் மிச்சம். இதைச் சொன்னால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. அதனால்தான், கொடுப்பதற்கு முன்பே நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

சரி, யாருக்குக் கொடுக்கலாம்? வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் எல்லோரும் நல்லவர்கள். அந்த வீட்டில் சோறு வைக்கப்போகிறவர் யார் என்று பாருங்கள், அவரிடம் பேசுங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டு, சமையலறையில் இருக்கும் அம்மாவுக்குப் பிடிக்காமல் போனால் குட்டி ஒரு மாதத்தில் திரும்பி வரும். இரவில் எங்கே படுக்கும் என்று கேளுங்கள். ‘வாசலில் கட்டுவோம்’ என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் ஒரு சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிச் சண்டை போடுகிறவர்கள் எத்தனை பேர்? பாதிப் பேர் குட்டியைத்தான் காலி செய்வார்கள். பெயர், முகவரி, போன் நம்பர், வளர்க்க முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவதாக ஒரு வரி, இவற்றை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளை வைத்துக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கறுப்புக் குட்டிக்குத்தான் வீடு கிடைக்கத் தாமதமாகும். ‘பொட்டைக் குட்டியா, வேண்டாம்’ என்று பத்துப் பேர் சொல்வார்கள், மனம் தளராதீர்கள். அவர்கள் பயப்படுவது குட்டி போடும் என்றுதான். ஆறு மாத வாக்கில் கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. அந்தச் செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக முதலிலேயே சொல்லுங்கள். வண்டிச் செலவுக்குக் கேட்ட 3,000 ரூபாயை இதற்கு எடுத்து வையுங்கள். பணத்தை அவர்கள் கையில் கொடுக்காமல், அறுவை சிகிச்சை நடக்கும் அன்று மருத்துவரிடமே கட்டுங்கள்.

இன்னொன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல வீடு என்று நம்பிக் கொடுத்த இடத்தில் குட்டி நாலே நாளில் இறந்துபோவது இதனால்தான். ‘எங்கள் நாய் போன மாதம் இறந்துவிட்டது, வீடே வெறிச்சோடிப் போச்சு, உடனே ஒன்று வேண்டும்’ என்று வருகிறவர்களைப் பார்த்தால் மனசு இளகும். இளகட்டும், ஆனால் எதனால் இறந்தது என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாந்தியும் இரத்தப்பேதியுமாக இறந்தது என்றால் அது பார்வோ என்ற, நாய்க்கு நாய் தொற்றும் வைரஸ் நோயாக இருக்கலாம். அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம்கூடச் சாகாமல் கிடக்கும். நீங்கள் வழக்கமாக ஊற்றும் பினாயிலுக்கு அது சாகாது. சிமென்ட் தரை, ஓடு என்றால் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பழைய சாக்கு, மெத்தை, மரப் பெட்டி எல்லாம் தூக்கிப் போட வேண்டும். மண் தரைத் தோட்டத்தை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத குட்டியை ஒரு வருடத்துக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் உண்மையாகவே நாய் மேல் பிரியம் உள்ளவர்கள் என்றால், ஊசிகள் எல்லாம் முடிந்த, வளர்ந்த தெருநாய் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு ஆபத்து மிகக் குறைவு. வயதாகிச் சிறுநீரகம் கெட்டோ வண்டியில் அடிபட்டோ இறந்தது என்றால் இந்தத் தடை எதுவும் கிடையாது, தாராளமாகக் கொடுக்கலாம். எதனால் இறந்தது என்று அவர்களுக்கே தெரியாவிட்டால் பார்வோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குட்டிகளுக்கு முதல் ஊசியை நாளைக்கே போடுங்கள். பார்வோவும் சேர்ந்த ஊசி இப்போது ஒன்று, பிறகு மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் முடியும்வரை. ஒரு ஊசி போட்டாகிவிட்டது என்று தெருவில் விடக் கூடாது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அதை அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி இலவச முகாம்களும் நடக்கும். பார்வோ ஊசியை மட்டும் பெரும்பாலும் வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஏழைகள் வீட்டுக் குட்டிகள் சாவதே இதில்தான், கேட்பாரில்லை. குடற்புழு மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அப்புறம், விளையாட்டில் குட்டியின் பல் பட்டு உங்கள் பிள்ளைகளுக்குத் தோல் கீறினால், குட்டிதானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

குட்டி போகும் வீட்டில் முதல் பத்து நாள்தான் தொலைந்துபோகும் ஆபத்து அதிகம். பயந்த குட்டி கழுத்துப் பட்டையைப் பின்னாலேயே இழுத்துக் கழற்றிவிட்டு ஓடும். அதனால் நெஞ்சைச் சுற்றி மாட்டும் பெல்ட் வாங்கிக் கொடுங்கள், அதில் போன் நம்பரும் இருக்கட்டும். கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால் பலகை வைத்து அடைக்கச் சொல்லுங்கள். மாட்டுப்பால் ஊற்ற வேண்டாம், பேதியாகும். குழைந்த சோறும் அவித்த முட்டையும் போதும், கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. குட்டிகள் இப்போது படுத்துத் தூங்குகிற உங்கள் பழைய புடவையைத் துவைக்காமல் மூன்றாகக் கிழித்து, ஒவ்வொரு குட்டியோடும் ஒரு துண்டு அனுப்புங்கள். முதல் இரவு அது அழும், அந்தத் துணியைப் பக்கத்தில் போட்டால் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிடும்.

மாற்றலுக்கு முன் கறுப்புக் குட்டிக்கு இடம் அமையாவிட்டால், புதிய ஊருக்கு அதை உங்களோடு கூட்டிப்போய்விடுங்கள். அங்கே தேடிக்கொள்ளலாம்.