கலவை, கலப்பு, கலப்படம் மூணும் ஒண்ணுதானா?

நீங்க எழுதின எதையோ யாரோ திருத்திட்டாங்க போல, அதான் இந்தக் கேள்வின்னு நினைக்கிறேன். மூணுக்கும் வேர் 'கல'தான். ஆனா பேச்சுல இடம் மாத்திப் போட்டா சண்டை வந்துரும். கலப்படம்னா ஏமாத்து வேலை, பால்ல தண்ணி, மிளகுல பப்பாளி விதை. கலப்புன்னா ரெண்டு வகை சேர்றது, கலப்பினப் பசு மாதிரி. கலப்புத் திருமணம்னும் சொல்றாங்க, எனக்கு அந்தப் பேரே பிடிக்காது, மனுஷங்க என்ன மாட்டு இனமா, சாதி மறுப்புத் திருமணம்னு சொன்னா வாய் வலிக்குமா? சரி அத விடுங்க.

எங்கப்பா கொத்தனார். எங்க வீட்டுல கலவைன்னா சிமெண்ட்டும் மணலும்தான், வேற அர்த்தமே கிடையாது. செங்கல் கட்டுக்கு ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல், பூச்சுக்கு ஒண்ணுக்கு நாலு, தண்ணி ஊத்தாம நிறம் ஒரே மாதிரி ஆகுற வரைக்கும் புரட்டணும், அப்புறம்தான் தண்ணி. ஒரு தடவை சைட்டுக்குப் புதுசா வந்த இன்ஜினியர் பையன் "கலவைன்னு சொல்லாதீங்க மேஸ்திரி, மோர்ட்டார்னு சொல்லுங்க"ன்னான். அதே ஆளு சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வந்து, காலையில போட்டு இறுகிப்போனதுல தண்ணி விட்டுக் குழைச்சுப் பூசுங்க, வீணாக்காதீங்கன்னான். அப்பா "இப்ப இது கலவை இல்ல தம்பி, கலப்படம்"னு சொல்லிட்டு மொத்தத்தையும் கொட்டச் சொல்லிட்டார். இறுக ஆரம்பிச்ச சிமெண்ட்டுல மறுபடி தண்ணி விட்டா இளகும், ஆனா பலம் போயிரும்.

இன்ஜினியருங்களை மட்டம் தட்டுறேன்னு கமெண்ட்ல வராதீங்க, நானே சிவில் டிப்ளமோதான். தமிழ் வாத்தியாருங்களும் பொறுங்க, சந்தனக் கலவை, வர்ணக் கலவை எல்லாம் எனக்கும் தெரியும். படத்துக்குக் 'கலவையான விமர்சனம்'னு போடுறாங்களே, அதுல பாதிப் பேர் நல்லாருக்குன்னும் பாதிப் பேர் நல்லால்லன்னும் சொல்றாங்கன்னு அர்த்தம். நந்திக்கலம்பகம் படிச்சிருப்பீங்க, பல வகைப் பாட்டு கலந்து வர்றதால அந்த இலக்கிய வகைக்குக் கலம்பகம்னு பேரு.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்லைன்னாலும் சொல்லிடுறேன். அந்தக் கலவையைப் புரட்டிப் பாண்டுல அள்ளித் தலையில தூக்கிட்டுப் போறது பாதி இடத்துல பொம்பள சித்தாளுங்கதான். அளவு தப்பினா திட்டு அவங்களுக்கு, கூலி மட்டும் பக்கத்துல அதே வேலை பாக்குற ஆம்பளையை விடக் கம்மி. கேட்டா "வழக்கம் அப்படி"ங்கறாங்க.